அந்த கீபோர்டு உறை

அன்புள்ள பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, கீபோர்டை யாருக்கோ கொடுத்துவிட்டதாக ஒரே வரியில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. போனில் சொன்னால் தடுமாறுவேன், அதனால் எழுதுகிறேன்.

கொஞ்ச நாளாக மேரி லூ வில்லியம்ஸின் பியானோவைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் ஜாஸ் பியானோ கலைஞர். 1910இல் அட்லாண்டாவில் பிறந்து பிட்ஸ்பர்க்கில் வளர்ந்த கறுப்பினப் பெண். மூன்று வயதிருக்குமாம். காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கன் முன்னால் அம்மா மடியில் உட்கார்ந்திருந்தவர், அம்மா வாசித்ததை அப்படியே திருப்பி வாசித்துவிட்டார். அம்மா திடுக்கிட்டுப் பிள்ளையைக் கீழே போட்டுவிட்டு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட ஓடினாராம். மேரி லூவே சொன்ன கதை இது.

அதற்கப்புறம் அந்த அம்மா செய்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. பிள்ளைக்கு டீச்சர் வைக்கவில்லை. அந்த அம்மாவே முறையாகப் படித்து, நோட்ஸ், அதாவது எழுதிவைத்த இசைக்குறிப்பு, இல்லாமல் மனதில் தோன்றியதை வாசிக்கும் திறமையை இழந்தவர். மகளுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று பயந்தார். அதனால் நல்ல கலைஞர்களை வீட்டுக்கு வரவழைத்து வாசிக்கச் சொல்லி, பிள்ளையைக் கேட்க வைத்தார்.

அப்போது உனக்கு எட்டு வயது. பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்ட பாட்டை நீயே கட்டை கட்டையாகத் தேடிக் கண்டுபிடித்து வாசித்துக்கொண்டிருந்தாய். ஒரு இடத்தில் தப்பாகி, மறுபடி தேடி, சரியான கட்டை கிடைத்ததும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். நான் என்ன செய்தேன்? "கிரேடு பரீட்சைக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு" என்று சொல்லி, உன் அம்மா தைத்த சிவப்பு உறையை இழுத்து மூடினேன். உன் விரல் இன்னும் கட்டை மேல் இருந்தது. நீ அழவில்லை. மெதுவாகக் கையை உருவிக்கொண்டாய். அதற்குப் பிறகு பரீட்சைப் பாடத்தைத் தவிர நீ வேறு எதையும் வாசித்து நான் கேட்டதில்லை.

நோட்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேரி லூவும் கற்றுக்கொண்டார், தேவை வந்தபோது. கான்சஸ் சிட்டியில் ஆண்டி கிர்க்கின் பேண்டில், அவர் மனதில் இருந்த இசையை முதலில் கிர்க்தான் எழுதிக்கொடுத்தார். பிறகு தானே எழுதப் பழகி, மொத்த பேண்டுக்கும் எழுதினார். பெரிய பேண்டு நடத்திய பென்னி குட்மன் வரைக்கும் அவரிடம் பாட்டு வாங்கினார்கள். 1945இல் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு இசைத்துண்டாக ‘சோடியாக் சூட்’ எழுதினார். நியூயார்க்கின் ஹார்லெமில் அவர் வீட்டுக்கு மங்க், பட் பவல், கில்லெஸ்பி என்று பெரிய ஜாஸ் கலைஞர்கள் எல்லாம் வந்து பியானோவைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். கேட்டு வளர்ந்த பிள்ளையின் வீட்டில் கேட்க ஒரு கூட்டம்!

அப்படிப்பட்டவரே 1954இல் பாரிஸில் வாசிப்பதை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். சுமார் மூன்று வருஷம் மேடை ஏறவில்லை. அப்புறம் 1957இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் கில்லெஸ்பியுடன் வாசித்தார். கடைசி வருஷங்களில், 1977 முதல் 1981இல் இறக்கும் வரை, டியூக் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

நீ கீபோர்டைக் கொடுத்ததில் எனக்குக் கோபமில்லை, பாப்பா. அன்றைக்கு உறையை மூடியதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. கேட்கிறேன்.

சின்ன வயதில் நீ வாசித்த பழைய கீபோர்டு நம் மாடி அறையில்தான் இருந்தது. மூன்று கட்டைகளில் சத்தம் வரவில்லை, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது ஹாலில் இருக்கும். வாசி என்று சொல்ல மாட்டேன். தோன்றினால் உட்கார். நான் திண்ணையில் இருப்பேன்.

அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். புது வீட்டு அட்ரஸை அனுப்பு.

அன்புடன்,
அப்பா