ஒரு தடவை உன் முகத்தைக் காட்டு, தாயி

அன்பு மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே அப்பா, தம்பி, நான் எல்லாரும் சுகம். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகெல்லாம் இறங்கிவிட்டன. இறால் நன்றாகப் படுகிறது. பார்சலில் நெத்திலிக் கருவாடு வைத்திருக்கிறேன். புனேயில் இப்போது மழை என்று டிவியில் பார்த்தேன், அதனால் வந்த அன்றே எடுத்து டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்துவிடு.

போனில் பேச நினைப்பதை எல்லாம் பேச முடிவதில்லை. நீ எப்போதும் கேமராவைப் பிள்ளை பக்கம் திருப்பி வைத்துவிடுகிறாய். அவன் சிரிக்கிறான், விழுந்து விழுந்து நடக்கிறான், நாங்களும் சிரிக்கிறோம். அதற்குள் "சரிம்மா, அவனுக்குத் தூக்கம் வருது, வைக்கிறேன்" என்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை அவன் வாயைத் துடைக்க உன் கை மட்டும் வந்தது. வளையல் முழங்கை வரைக்கும் சரிந்து போனது. காலேஜில் போட்டிருந்த அதே சின்ன வளையல்தான், அப்போதெல்லாம் சோப்புப் போட்டுத்தான் கழற்றுவாய். அப்பாவும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

நீ சாப்பிடுகிறாயா?

நீ பிள்ளை வளர்க்கிற விதத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை. நெஞ்சோடு துணியில் கட்டிக்கொண்டே சமைக்கிறாய், பக்கத்திலேயே போட்டுத் தூங்குகிறாய், சிணுங்கினால் தூக்குகிறாய். "கைச்சூடு பழகிடும், இறக்கி விடச் சொல்லு" என்கிற கிழவிகளிடம் உனக்காக நான் சண்டை போடுகிறேன். 24 வருஷம் பால்வாடி டீச்சராக இருந்தேன், பச்சைப் பிள்ளையைத் தூக்கித் தூக்கிக் கெட்டுப்போன கதை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் சாதம், பருப்போடு சேர்த்து 2 வயது வரைக்கும், அதற்கு மேலேயும் கொடுக்கலாம் என்று எத்தனை தாய்மாருக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருப்பேன். நீ செய்துகாட்டுகிறாய். பெருமையாகத்தான் இருக்கிறது.

பிள்ளை வளர்ப்பைப் பற்றி நீ அனுப்பிய அந்தக் கட்டுரை இங்கிலீஷில் இருந்ததால் தம்பியை வாசித்துச் சொல்லச் சொன்னேன். அமெரிக்காவில் வில்லியம் சியர்ஸ் என்கிற குழந்தை டாக்டரும், நர்ஸாக இருந்த அவர் மனைவி மார்த்தாவும் சொன்ன முறையாமே. ஏழு விஷயம். பிறந்த கையோடு நெஞ்சில் போட்டுக்கொள்வது, தாய்ப்பால், சுமந்து திரிவது, பக்கத்தில் படுக்க வைப்பது, அழுகையை நம்புவது, "பிள்ளையை இப்படிப் பழக்கு" என்று சட்டம் பேசுகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருப்பது. அது ஆறு. ஏழாவது, பிள்ளைக்கே எல்லாவற்றையும் கொட்டிவிடாமல் தாய் தனக்கும் குடும்பத்துக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்வது. அதை மட்டும் ஏன் விட்டுவிட்டாய் தாயி?

மாப்பிள்ளை நல்லவர். ராத்திரி ஒரு தடவையாவது பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டுத் தூங்கு. சோபாவில் உட்கார்ந்து பால் கொடுத்தபடியே கண் அசந்துவிடாதே, பிள்ளை இடுக்கில் சரிந்தால் மூச்சு முட்டிவிடும். தூக்கம் வந்தால் படுக்கைக்குப் போய்விடு.

என் சென்டருக்கு ஒரு பெண் வருவாள். பிள்ளையைக் கீழே இறக்கவே மாட்டாள். பிள்ளைக்குப் பொட்டு, மை, துவைத்த சட்டை எல்லாம் சுத்தமாக இருக்கும், அவள் மட்டும் தலை சீவாமல் வருவாள். கேட்டால் "நல்லா இருக்கேன் டீச்சர்" என்பாள். கிராம நர்ஸும் நானும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு மனசு இப்படிச் சோர்ந்து போகும், அது நோய்தான், மருந்து இருக்கிறது என்றார் டாக்டர். பால் கொடுக்கிறவளுக்கு ஏற்ற மாத்திரையாகப் பார்த்துக் கொடுத்தார். பாலையும் நிறுத்தவில்லை, அவளும் தேறிவிட்டாள். சும்மா ஞாபகம் வந்தது, எழுதினேன்.

நீ பிறந்தபோது நம் வீட்டில் இதற்கெல்லாம் பேர் கிடையாது. ஒரே பாய், நடுவில் நீ. ஆனால் உன்னைத் தூக்க அப்பத்தா, சித்தி, எதிர்வீட்டு அத்தை என்று ஆள் மாற்றி ஆள் இருந்தார்கள். அங்கே 9-வது மாடியில் நீ ஒருத்திதான். நான் வரட்டுமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன். 2022 கடைசியிலிருந்து தீவுக்குள் வராமல் நின்றுபோன ரயில், 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து மறுபடி ராமேஸ்வரம் வரைக்கும் வருகிறது. நம் பக்கத்திலேயே ஏறிவிடலாம், அலைச்சல் இல்லை. நீ "வேண்டாம்மா, சமாளிச்சுக்கிறேன்" என்கிறாய். பத்து வயதில் காய்ச்சலில் கொதித்துக்கொண்டு கிடந்தபோதும் இதையேதான் சொன்னாய்.

வளைகாப்புக்கு வந்திருந்தபோது, "என் பிள்ளையை நான் யார்கிட்டயும் விட மாட்டேன்" என்றாய். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, துணி மடித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சுருக்கென்று இருந்தது. நாங்கள் என்ன ஆசைப்பட்டா விட்டோம் என்று அன்றைக்கு மனசுக்குள் கோபப்பட்டேன். இப்போது கோபம் இல்லை. நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது.

அப்பா கால் முறிந்து கிடந்த வருஷம், நான் சின்னப்பாலம் பொம்பளைகளோடு கடல்பாசி பறிக்கப் போனது உனக்குத் தெரியும். அப்போது உனக்கு ஒன்றரை வயது. வேப்பெண்ணெய் தடவிப் பாலை மறக்கடித்துவிட்டுத்தான் போனேன். மரிக்கொழுந்துப் பாசி பறிக்க முங்கும்போது விரலில் சுற்றிய துணி கிழிந்து பாறை அறுக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மார் கட்டிப் போய், கடலுக்குள்ளேயே பால் கசிந்து போவதைத்தான் பொறுக்க முடியாது.

ராத்திரி நீ என் முந்தானையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவாய். முடிச்சுப் போடத் தெரியாது, அப்பத்தாவிடம் கையை நீட்டி "கட்டு, கட்டு" என்பாய். எங்களை ஏற்றிப்போகிற வத்தைப் படகு விடியுமுன்னே கிளம்பிவிடும். இருட்டில் குனிந்து, பல்லால் கடித்து அந்த முடிச்சை அவிழ்ப்பேன். உன் விரலை ஒவ்வொன்றாக விலக்குவேன். சுண்டுவிரல் மட்டும் கடைசி வரைக்கும் விடாது. அப்புறம் என் பழைய சேலை ஒன்றை அதே மாதிரி உன் கையில் சுற்றி, அதே மாதிரி முடிச்சுப் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் போய்விடுவேன். சொல்லிவிட்டுப் போனால் அழுவாய். நீ அழுதால் என்னால் போக முடியாது. போகாவிட்டால் உலை வைக்க முடியாது.

விழித்ததும் அந்தச் சேலையை இழுத்துக்கொண்டே கரை வரைக்கும் ஓடிவந்து அழுவாயாம். கொஞ்ச நாள் அப்படி. அப்புறம் ஒரு ராத்திரி நான் முந்தானையை நீட்டினேன், நீ கையை மடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாய். மறுநாள் மத்தியானம் ஈரச்சேலையோடு வந்து உன் முன்னால் நின்றேன். திண்ணையில் சிப்பி அடுக்கிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்த்தாய், மறுபடி சிப்பியைப் பார்த்தாய். "சமத்து, அம்மாவைத் தேடவே மாட்டேங்குறா" என்று தெருவே சொன்னது. நானும் சொன்னேன். வருஷக்கணக்காகச் சொல்லித் திரிந்தேன்.

நீ காலேஜில் இருந்தபோது ஒரு பயிற்சியில் மேரி எய்ன்ஸ்வொர்த் என்கிற மனோதத்துவ நிபுணர் செய்த சோதனையைச் சொன்னார்கள். ஒரு வயதுப் பிள்ளையை அறையில் விட்டுவிட்டுத் தாய் மூன்று நிமிஷம் போல வெளியே போய்த் திரும்புவாள். அவள் வந்ததும் பிள்ளை என்ன செய்கிறது என்பதைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்களாம். ஓடிவந்து ஒட்டிக்கொண்டு, அழுது ஓய்ந்து, மறுபடி விளையாடப் போனால் அது தாயை நம்புகிற பிள்ளை. சில பிள்ளைகள் அழாது, தாயைத் திரும்பியும் பார்க்காது, பொம்மையிலேயே கண்ணாக இருக்கும். அதுகளுக்கும் நெஞ்சு வேகமாகத்தான் அடிக்கிறது என்று பிற்பாடு கருவி வைத்துப் பார்த்தார்களாம். சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்து போனார்கள். எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. அந்தச் சிப்பிகள்தான் கண்ணில் நின்றன.

அன்று சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போன் போட்டேன். "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

வேலைக்குப் போனதற்கு நான் வருத்தப்படவில்லை தாயி. வயிற்றுக்குப் போனேன். உன்னிடம் சொல்லாமல் போனேனே, உன் கையில் பொய் முடிச்சுப் போட்டேனே, நீ அழுகையை நிறுத்தியதைப் பெருமையாகப் பேசினேனே, அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

நான் வந்தால் பிள்ளையை உன்னிடமிருந்து வாங்க மாட்டேன். அவனை நீயே வைத்துக்கொள். உனக்குச் சோறு போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துவிட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். டிக்கெட் போடட்டுமா என்று தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது பிள்ளையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, கேமராவை உன் பக்கம் திருப்பி வை. பேச வேண்டாம். அழுகை வந்தால் போனை வைத்துவிடாதே. நான் இருப்பேன்.

சோபாவில் தூங்காதே.

அம்மா