பத்தாம் நம்பருக்கு

சத்துவாச்சாரி,
வேலூர்.
28.9.2025

அன்புள்ள பத்தாம் நம்பருக்கு,

நலம்தானே? தங்கச்சிக்கு முட்டி வலி தேவலையா? போன வாரம் போனில் பேசும்போது பாதியிலேயே கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மனசில் இருப்பது போனில் அடங்குகிற விஷயமாகத் தெரியவில்லை. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். வெயில் ஒருவழியாக இறங்கியிருக்கிறது. நேற்று வீட்டில் முள்ளுக் கத்தரிக்காய் வைத்துக் குழம்பு செய்தார்கள். "ஆரணி அண்ணன் இருந்தால் இன்னொரு கரண்டி கேட்டிருப்பார்" என்றாள் உன் தங்கச்சி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் ஜெட்டாவில் நடந்த ஆசியக் கோப்பை பாஸ்கெட்பால் பார்த்தாயா? நம் அணி ஆடிய மூன்று ஆட்டத்தையும் பேரனோடு உட்கார்ந்து பார்த்தேன். மூன்றிலும் தோல்வி. சீனாவிடம் 69-100, சவூதியிடம் 54-84. அந்த இரண்டையும் விட்டுவிடு. முதல் ஆட்டம்தான் இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரில் ஜோர்டான். 2010, 2019, 2023 என்று மூன்று உலகக் கோப்பை ஆடிய அணி. நாம் ஒரு உலகக் கோப்பைக்குக்கூடத் தேர்வானதில்லை. ஒலிம்பிக்கில் ஆடியதே 1980 மாஸ்கோவில் மட்டும்தான். அப்படிப்பட்ட நம் பையன்கள் நாற்பது நிமிஷமும் ஜோர்டானுக்குச் சரிசமமாக நின்றார்கள். நம் தமிழ்நாட்டுப் பையன் முயின் பெக் ஹஃபீஸ் ஆடுவதைப் பார்த்து நான் எழுந்து நின்றுவிட்டேன். அப்புறம் எக்ஸ்ட்ரா டைம், ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தில் ஏழு புள்ளி கைவிட்டுப் போயிற்று. 84-91.

"ஏன் தாத்தா தோத்தாங்க?" என்றான் பேரன். உடனே பதில் வரவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் வந்தது. எக்ஸ்ட்ரா டைமில் யாருக்கும் கால் இருக்காது, மூச்சு இருக்காது. அந்த நேரத்தில் ஆடுவது பழக்கம். திரும்பிப் பார்க்காமலே இவன் இங்கே நிற்பான் என்று தெரிந்து பந்தை விடுகிற பழக்கம். அது கேம்ப்பில் சில வாரம் சேர்ந்து ஓடினால் வருகிற சரக்கு இல்லை. நம் ஆட்கள் ரயில்வேயிலும் ராணுவத்திலும் பேங்கிலும் வேலை பார்த்துக்கொண்டு அந்தந்த அணிக்கு ஆடுகிறவர்கள். நாட்டுக்கு ஆட வேண்டும் என்றால் கூடுவார்கள், முடிந்ததும் கலைவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஜெட்டாவில் கோச்சாக இருந்த ஸ்காட் ஃப்ளெமிங்தான் 2014லும் இருந்தார். அந்த வருஷம் வூஹானில், சீனாவின் சொந்த மண்ணிலேயே, 65-58 என்று சீனாவை ஜெயித்துக் காட்டியது நம் அணி. ஆக, திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சேர்ந்திருக்கத்தான் நேரம் கிடைப்பதில்லை.

ஜெர்மனியைப் பார். 2021இல் அவர்களுக்குக் கோச்சாக வந்தவர் கோர்டன் ஹெர்பர்ட், கனடாக்காரர். வந்ததும் வீரர்களிடம் அவர் கேட்டது மூன்று கோடைக்கால வாக்குறுதி. மூன்று வருஷம், கோடை வந்தால் நாட்டு அணிக்கு வந்துவிட வேண்டும். பெரிய சம்பளத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆடுகிறவர்களிடம் இதைக் கேட்பது சின்ன விஷயமா? வாக்குக் கொடுத்தார்கள். 2022இல் ஐரோப்பிய அளவில் வெண்கலம். 2023 உலகக் கோப்பையில் எட்டு ஆட்டம், எட்டிலும் வெற்றி. அரையிறுதியில் அமெரிக்காவை 113-111, மணிலா ஃபைனலில் செர்பியாவை 83-77. இந்த மாதம் 14ஆம் தேதி ரீகாவில் துருக்கியை 88-83 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையையும் எடுத்துக்கொண்டார்கள். கோச் மாறிவிட்டார், ஆனால் கேப்டன் ஷ்ரூடரைச் சுற்றி நிற்பது பெரும்பாலும் அதே கூட்டம்.

அந்த 2023இல் ஒரு காட்சி. ஸ்லோவேனியாவோடு ஆட்டம். டைம் அவுட்டில் ஷ்ரூடருக்கும் சக வீரர் டைஸுக்கும் முட்டிக்கொண்டது. ஷ்ரூடர் கையாலேயே தள்ளிவிட்டார். கோச் குரலை உயர்த்தி, உட்காருங்கள் என்று அதட்டினார். உட்கார்ந்தார்கள். அந்த இரண்டு பேரும்தான் அப்புறம் சேர்ந்து கோப்பையைத் தூக்கினார்கள். பேரன் அதைத் திரும்ப ஓட்டிக் காட்டியபோது நான் பார்த்தது ஷ்ரூடரை இல்லை, நம் வாத்தியாரை.

1988, சேலம். நம் வட ஆற்காடு மாவட்ட அணியின் ஆட்டம், கடைசி நிமிஷம். ஒரு புள்ளி பின்னால் நிற்கிறோம். இடது மூலையில் கோட்டுக்கு வெளியே நீ தனியாக நிற்கிறாய், கை நீட்டிக் கூப்பிடுகிறாய். நான் பந்தைத் தராமல் உள்ளே புகுந்தேன், எதிரணிக்காரன் தட்டிவிட்டான். விசில். நீ துண்டை என் காலடியில் எறிந்தாய். அன்று நீ கேட்டது நியாயம். 37 வருஷம் கழித்துச் சொல்கிறேன், பந்து உனக்குத்தான் வந்திருக்க வேண்டும். அந்த மூலையிலிருந்து நீ போட்டால் உள்ளே போகும் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கோடு நினைவிருக்கிறதா? மூன்று புள்ளிக் கோடு 1984இல்தான் சர்வதேச விதியில் வந்தது. நம் கோர்ட்டில் அது கிடையாது. வாத்தியார் கிணற்றுக் கயிற்றை 6.25 மீட்டர் அளந்து முடிச்சுப் போட்டார். ரிங்குக்கு நேர் கீழே ஒரு நுனியை நீ மிதித்துக்கொண்டாய். மறு நுனியில் சுண்ணாம்பு டப்பாவோடு நான் வளைந்து வளைந்து வந்தேன். சிமெண்டில் சுண்ணாம்பு இரண்டு நாள்கூட நிற்காது. ஓடுகிற கால்களே அழித்துவிடும். சனிக்கிழமைதோறும் புதிதாகப் போட்டோம். கோட்டில் உன் இடது ஷூவின் முனை பட்டு ஒரு இடம் மட்டும் எப்போதும் முதலில் அழியும். 2010இல் கோட்டை 6.75க்குத் தள்ளிவிட்டார்கள். உனக்கு அதுவும் எட்டியிருக்கும்.

சேலத்திலிருந்து திரும்பும்போது ரயிலில் வாத்தியார் நம் இரண்டு பேரையும் ஒரே சீட்டில் உட்கார வைத்தார். வேறு எதுவும் சொல்லவில்லை. ஜோலார்பேட்டை வரை நீ ஜன்னலைப் பார்த்தாய், நான் வழியைப் பார்த்தேன். ஜோலார்பேட்டையில் நீ இறங்கிப் போய் இரண்டு டீ வாங்கி வந்தாய். ஒன்றை என் கையில் வைத்தாய். காட்பாடி வருவதற்குள் அடுத்த ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம்.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வருகிற 30ஆம் தேதியோடு வட ஆற்காடு பிரிந்து 36 வருஷம் ஆகிறது. பேப்பரில் ஒரு கோடு போட்டார்கள், நம் பன்னிரண்டு பேர் ஏழும் ஐந்துமாகப் போனோம். 4ஆம் நம்பர் முதல் 15 வரை வரிசையாகத் தைத்த பனியன்கள். நீ ஆரணி, அதனால் திருவண்ணாமலைப் பக்கம். அடுத்த வருஷமே எதிரெதிராக ஆடினோம். அந்த ஆட்டத்தில் யார் யாரை என்ன சொன்னோம் என்பதை எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை. மூணு வருஷம் பேச்சில்லாமல் போயிற்று.

ஏன் இதெல்லாம் கிளறுகிறேன் என்றால், இந்த மாதம் ஐரோப்பியப் போட்டி பார்க்கும்போது செர்பியா, ஸ்லோவேனியா, மாண்டினீக்ரோ, போஸ்னியா என்று தனித்தனியாக வந்தார்கள். எல்லாம் ஒரு காலத்தில் யுகோஸ்லாவியா. 1990இல் அர்ஜென்டினாவில் நடந்த உலகப் போட்டியில், ஃபைனலில் சோவியத்தை 92-75 என்று உருட்டிய அணி அது. அதில் டிவாச் செர்பியர், பெட்ரோவிச் குரோஷியர், உயிர் நண்பர்கள். ஜெயித்த கொண்டாட்டத்தில் ரசிகர் ஒருவர் குரோஷியக் கொடியோடு மைதானத்துக்குள் வந்துவிட்டார். டிவாச் அதைப் பிடுங்கிப் போட்டார். எல்லோருடைய வெற்றிக்கு நடுவே ஒரு கொடி எதற்கு என்பது அவர் எண்ணம். ஊரில் அதை யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நாடு உடைந்தது, யுத்தம் வந்தது, பெட்ரோவிச் பேச்சை நிறுத்திக்கொண்டார். 1993 ஜூன் 7ஆம் தேதி ஜெர்மனியில் ஒரு கார் விபத்தில் அவர் இறந்துபோனார். 28 வயது. பேச்சு நின்றது நின்றதுதான். டிவாச் பல வருஷம் கழித்து ஜாக்ரெப் போய் அவருடைய அம்மாவைப் பார்த்தார், கல்லறைக்கும் போனார்.

அந்தத் தேதியைப் படித்ததும் எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. 1993 வைகாசி. வாத்தியார் மகள் கல்யாணம் அதே வைகாசியில்தான். பந்தியில் என்னை உட்கார வைத்துவிட்டு எங்கோ போனார். திரும்பி வரும்போது உன் தோளைப் பிடித்து அழைத்து வந்து என் பக்கத்து இலையில் உட்கார வைத்தார். ரயிலில் செய்ததையே செய்தார். நீ உன் இலையிலிருந்த அப்பளத்தை என் இலையில் வைத்தாய். அவ்வளவுதான். அந்த இரண்டு பெரிய ஆட்டக்காரர்களுக்கு அப்படிப் பக்கத்தில் உட்கார வைக்க ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டாரே என்று அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

கோடு போட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்றும் இல்லை. தெற்கு சூடானைப் பார், 2011இல்தான் நாடே பிறந்தது. போன வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர்கள் முதல் ஆட்டத்துக்கு நின்றபோது தவறாக சூடானின் தேசிய கீதத்தைப் போட்டுவிட்டார்கள். பையன்கள் நெஞ்சில் கை வைத்தபடி அசையாமல் நின்றார்கள், சரியான கீதம் வரும்வரை. அப்புறம் போர்ட்டோ ரிக்கோவை 90-79 என்று ஜெயித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இப்போது நான் கேட்க வந்தது இதுதான். வாத்தியார் இல்லை. நம் பன்னிரண்டு பேரில் 5ஆம் நம்பரும் 14ஆம் நம்பரும் போய்விட்டார்கள். மீதி பத்துப் பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். வேலூரே இப்போது மூன்று மாவட்டமாகிவிட்டது. ராணிப்பேட்டையில் இரண்டு பேர், திருப்பத்தூரில் ஒருவர். டிசம்பர் கடைசி ஞாயிறு, காலை ஆறு மணி, நம் பழைய கோர்ட்டு. ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்களிடம் நான் பேசுகிறேன். திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்களை அழைத்து வருவது உன் பொறுப்பு. கயிறு கிடைக்கும், சுண்ணாம்பு வாங்கி வைக்கிறேன். 6.25தான் போடப் போகிறேன். பந்து மட்டும் நீ கொண்டு வா. ரப்பர் பந்தாக இருக்கட்டும். முப்பது வருஷம் டேனரியில் தோலைத் தடவிப் பார்த்தவன் சொல்கிறேன், அந்த சிமெண்டில் தோல் பந்தின் மேல்பரப்பு ஒரு காலையிலேயே உரிந்துவிடும்.

உன்,
ஏழாம் நம்பர்