கயலுக்கு, அந்தக் குதிரைக்காரனைப் பற்றி

அன்புள்ள கயல்,

ஆஸ்திரேலியாவில், உரல்லா ஊரின் குதிரை வீரன் சிலைக்குக் கீழே நின்று நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "யாருங்க இந்த ராஜா?" என்று கேட்டாள் உன் அம்மா. ராஜா இல்லை, கேப்டன் தண்டர்போல்ட் என்ற வழிப்பறிக்காரன் என்றேன். "படிக்க அனுப்பின ஊர்ல திருடனுக்கா சிலை வச்சிருக்காங்க?" என்று பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பதில் சொல்லத்தான் தேடிப் படித்தேன்.

கேப்டன் தண்டர்போல்ட் என்பது பட்டப்பெயர். இயற்பெயர் பிரெடரிக் வார்டு. குதிரை பழக்குவதில் கெட்டிக்காரன். 1856-ல் திருட்டுக் குதிரை வழக்கில் பத்து வருடத் தண்டனை பெற்று, சிட்னித் துறைமுகத்தில் உள்ள காக்கட்டூ தீவுச் சிறைக்குப் போனான். நான்கு வருடத்தில் நிபந்தனையோடு வெளியே விட்டார்கள். மட்ஜி வட்டாரத்தை விட்டு நகரக் கூடாது, குறித்த நாளில் வந்து தலைகாட்ட வேண்டும். அங்கேதான் மேரி ஆன் பக் என்பவளோடு சேர்ந்தான். அவளுடைய தாய் பழங்குடிப் பெண், தகப்பன் கைதியாகக் கப்பலேறி வந்த ஆங்கிலேயன்.

அவள் பிள்ளைத்தாச்சி. பிரசவத்துக்கு அவளை டங்காக் பக்கம் அவளுடைய அப்பா வீட்டில் விடப் போனவன், ஆஜராக வேண்டிய நாளுக்குத் தாமதமாகத் திரும்பினான். ஏறி வந்த குதிரையும் திருட்டுக் குதிரை என்றார்கள். பாக்கி ஆறு வருடம், மேலே மூன்று வருடம், மறுபடி அதே தீவு. இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது உண்மை.

1863 செப்டம்பரில் இன்னொரு கைதியோடு நீந்தித் தப்பினான். மேரி ஆன் அரத்தோடு நீந்திப் போய் விலங்கை அறுத்ததாக ஒரு கதை உண்டு. சினிமாவுக்கு நன்றாக இருக்கும். ஆனால் அவள் அப்போது டங்காக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் உண்மையில் செய்தது அதைவிடப் பெரிது. எழுதப் படிக்கத் தெரிந்தவள். கால்சட்டை போட்டுக்கொண்டு ஆண்களைப் போல இரண்டு பக்கமும் கால் போட்டுக் குதிரை ஓட்டுவாள். குழந்தைகளையும் வைத்துக்கொண்டு காட்டில் காலம் தள்ளினாள். 1866-ல் அவளை, பிழைப்புக்கு வழியில்லாமல் திரிபவர்களைப் பிடிக்கும் நாடோடிச் சட்டத்தில் உள்ளே தள்ள, சட்டசபையில் கேள்வி கிளம்பி விடுவித்தார்கள். அவள் இல்லாவிட்டால் இவன் அத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்க மாட்டான் என்பது என் கட்சி.

அவன் யாரையும் கொல்லவில்லை என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். சரிதான். ஆனால் போலீஸைப் பார்த்துச் சுட்டவன்தானே? தபால் வண்டியையும் சத்திரத்தையும் கொள்ளையடிக்க, வில்லியம் மாங்க்டன் மாதிரி மீசை முளைக்காத பையன்களைக் கூட்டு சேர்த்துக்கொண்டான் பார், அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

1870 மே 25 அன்று வாக்கர் என்ற கான்ஸ்டபிள் தனி ஆளாக விரட்டிப் போய், கென்டக்கி ஓடையில் வைத்து அவனைச் சுட்டுக் கொன்றார். அதற்கு முன்பே மேரி ஆன் பிரிந்துவிட்டாள். அவள் 1867-லேயே செத்துப்போனாள் என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். செத்தது வேறொரு பெண். இவள் 1905 வரை இருந்து மட்ஜியில் கண்ணை மூடினாள்.

லீவில் மட்ஜி பக்கம் போனால், அவள் பேரில் அங்கே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து எழுது. அம்மாவுக்கு இப்போது அதுதான் தெரிய வேண்டுமாம். ஆர்மிடேலில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாயே, நல்ல கம்பளியாக ஒன்று வாங்கிக்கொள். பணம் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா