கஞ்சிதான் குடிக்கிறேன்

யீவூ, சீனா

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் எழுதாதது என் தப்பு. ராசு அண்ணன் நாளை ஊருக்கு வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

பொரித்த கோழியும் ரொட்டியும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே என்று எழுதியிருந்தாய். அம்மா, இங்கே கேஎஃப்சியில் காலையில் நான் குடிப்பது கஞ்சி. அரிசிக் கஞ்சியேதான், கொதிக்கக் கொதிக்க. பன்றிக்கறியும் பதப்படுத்திக் கறுத்துப்போன முட்டையும் போட்டிருப்பார்கள். முதலில் அந்த முட்டையைப் பார்க்கவே முடியவில்லை, இப்போது பழகிவிட்டது. கூடவே யோத்தியாவ், அதாவது எண்ணெயில் பொரித்த நீள மாவுத்துண்டு. இவர்கள் காலங்காலமாகத் தெருவோரக் கடையில் சாப்பிட்டது. 2008இல் கேஎஃப்சியும் அதைப் போட ஆரம்பித்தது. மதியத்துக்குச் சோறும் உண்டு. 1987இல் பெய்ஜிங்கில் ஒரே கடையாக வந்தவர்கள், 2023 கடைசியில் பக்கத்து ஹாங்சோவில் பத்தாயிரமாவது கடையைத் திறந்துவிட்டார்கள். ஊர் வாய்க்குத் தக்கபடி சமைத்ததால்தான் நிலைத்தார்கள் என்று எனக்குப் படுகிறது.

குளிர்தான் தாங்கவில்லை. வடக்கே வீட்டுக்கு வீடு சூட்டுக்குழாய் உண்டு. ஹுவாய் ஆற்றுக்குத் தெற்கே, இங்கெல்லாம், கிடையாது. அதனால் வேலை முடிந்ததும் கடையில் போய் உட்கார்ந்துவிடுவேன். யாரும் எழுந்திரு என்று சொல்வதில்லை. மாடிவீட்டு அம்மாவும் பேரனோடு வருவார். அவன் முட்டை டார்ட் என்கிற இனிப்பைத் தின்று முடிக்கும்வரை அவர் வெறும் வெந்நீரைக் குடித்துக்கொண்டிருப்பார். என் கையில் பச்சைத்தண்ணீர் பாட்டிலைப் பார்த்தால் திட்டு விழும்.

அம்மா வயதுப் பெண்களை இங்கே எப்படிக் கூப்பிடுவார்கள் தெரியுமா? ஆயி! முதல்முறை கடைப் பையன்கள் அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டதும் நம் ஆயிதான் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி திரும்பிப் பார்த்துவிட்டேன். அன்று கஞ்சி இறங்கவில்லை. நீ வைக்கும் நோய்க்கஞ்சியும் சுட்ட அப்பளமும் இருந்தால் போதும் அம்மா.

சரி, அது போகட்டும். இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும், கவலைப்படாதே. செல்வியின் வளைகாப்புக்கு என் வளையலை மீட்க வேண்டாம், பெரியம்மாவிடம் கேட்டு ஒரு ஜோடி வாங்கிப் போடு. அடுப்படிக் கூரை ஓடுகளை மழைக்கு முன்னே மாற்றச் சொல்லி மாமாவிடம் சொல். அப்பா மாத்திரையை விடாமல் போடுகிறாரா என்று ராசு அண்ணனிடம் எழுதிக் கொடுத்து அனுப்பு.

உன் மகள்,
தேவி