நீல மையில் கீறின கோடு

வவுனியா
தை மாதம்

அன்புள்ள இந்திரா,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. பர்மிங்காமில் கால்வாய்க் கரையில் நீயும் பேத்தியும் நிற்கிற படத்தை அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். பழைய செங்கல் களஞ்சியங்களை இடிக்காமல் திருத்தி வைத்திருக்கிறார்கள், கரையோரம் நடைபாதை போட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: "எங்கட பக்கத்தில காப்பாற்ற என்ன மிச்சம் இருக்கு?" அந்தக் கேள்வி மூன்று நாளாக என்னை விடவில்லை. தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வீட்டில் எல்லோரும் சுகம். முழங்கால் நோ இருக்கிறது, ஆனாலும் நடக்கிறேன். சின்னவனுக்கு மன்னாருக்கு மாற்றம், வெள்ளிக்கிழமைகளில் வந்து போகிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திகைக் கடைசியில் இரண்டு நாள் விடாமல் மழை. இரண்டாம் நாள் விடியக் கதவைத் திறந்தால் ஒழுங்கை முழுக்கத் தண்ணீர், அதுவும் இழுத்துக்கொண்டு ஓடுகிற தண்ணீர். எதிர்வீட்டு மதில் மூலையில் மோதி, இடப்பக்கம் திரும்பி, புதுக் கடைத்தொகுதியின் பின்புறமாகச் சரிந்து, ரோட்டைக் குறுக்கறுத்து அங்கால் வளவுக்குள் இறங்கியது. வாசற்படியில் நின்று பார்த்த எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த வளைவு எனக்குத் தெரியும். நில அளவை அலுவலகத்தில் படவரைஞராக இருந்த காலத்தில், பழைய படம் ஒன்றைப் பிரதி எடுக்கும்போது அதே வளைவை நீல மையில் நான் கீறியிருக்கிறேன். மேல்குளத்து வானிலிருந்து, அதாவது குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடத்திலிருந்து, கீழ்க்குளத்துக்குப் போகிற வாய்க்கால் அது. ஒற்றைக் கோடு, நடுவில் சின்ன அம்புக்குறி. அம்புக்குறி காட்டிய பக்கமாகவே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வாய்க்காலுக்கு மேல் மதில் வந்து இருபது வருடம் இருக்கும், தண்ணீர் இன்னும் வழியை மறக்கவில்லை.

உன் கேள்விக்கு என் பதில் இதுதான் இந்திரா. எங்களிடம் மிச்சம் இருக்கிற பழைய கட்டடம் குளம்தான். வன்னியில் அரண்மனை கிடையாது. இருந்த முல்லைத்தீவுக் கோட்டையை 1803 இல் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் வெள்ளைக்காரரிடமிருந்து பிடித்தான், இன்றைக்கு அந்தக் கோட்டையும் இல்லை. குளக்கட்டுகள் மட்டும் நிற்கின்றன. உன் ஊர்க் கால்வாய்க்கு 250 வருடம் என்றால், இங்கே சில குளங்களுக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல். நாங்கள் விலாசம் சொல்லும்போதே குளத்தைத்தானே சொல்கிறோம்? தாண்டிக்குளம், பண்டாரிகுளம், வேப்பங்குளம், கூமாங்குளம், நெளுக்குளம், நாங்கள் இரட்டைப் பின்னலோடு நடந்து திரிந்த இறம்பைக்குளம். முறிப்பு என்று முடிகிற ஊர் என்றால் அங்கே ஒரு காலத்தில் கட்டு முறிந்த குளம் இருந்திருக்கிறது.

அலுவலகத்தில் முதல் சில வருடங்கள் எனக்கும் குளம் என்றால் படத்தில் ஒரு நீலத் திட்டு, அவ்வளவுதான். பெரிய படங்களில் பக்கத்துப் பக்கத்துத் தாள்களை ஒட்டிப் பார்த்தபோதுதான் அவை ஒன்றோடொன்று கோர்த்திருப்பது தெரிந்தது. மேலே ஒரு குளத்தில் வான் பாய்ந்தால் அடுத்த குளம் நிரம்பும். துருசை, அதாவது கட்டில் உள்ள மடைக் கதவை, திறந்து வயலுக்கு விட்ட தண்ணீரும் வீணாகாது, வயலில் வடிந்து அதற்குக் கீழே உள்ள குளத்தைப் போய்ச் சேரும். கட்டுக்கு எதிரே, தண்ணீர் வந்து சேர்கிற அலைகரைப் பக்கத்து மரங்கள் மழை அள்ளி வருகிற மண்ணைக் குளத்துக்குள் விடாமல் மறிக்கும், காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதையும் குறைக்கும். கட்டுக்குக் கீழே விடுகிற ஈரத் தரையில் வளரும் மரஞ்செடிகள் கசிவு நீரின் உப்பை வயலுக்குப் போகாமல் பிடித்துக்கொள்ளும். இலங்கையின் வறண்ட வலயத்துத் தொடர்குள முறையை 2017 இல் ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் உலகின் முக்கியமான விவசாய மரபுரிமைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று என் மேசையில் ஒட்டிய தாள்கள்தான் கண்ணுக்குள் வந்தன. குளங்கள் மணிமாலை மாதிரி, ஒரு மணி ஆடினால் மாலை முழுக்க ஆடும். நடுவில் ஒரு வாய்க்காலைத் தூர்த்தால் மேலே உள்ள ஊருக்கு வெள்ளம், கீழே உள்ள ஊருக்கு வறட்சி.

நீ பூங்காவைப் பற்றியும் எழுதியிருந்தாய். பிள்ளைகள் ஓடி விளையாட, வயது போன நாங்கள் பின்னேரம் காற்று வாங்க ஒரு இடம் கட்டாயம் வேண்டும். ஆனால் நகரத்து நடுவில் வவுனியாக் குளத்தின் ஒரு பகுதியை மண்போட்டு நிரப்பிப் பூங்கா அமைத்தது எனக்குப் பெரிய மனவருத்தம். சனமும் சும்மா இருக்கவில்லை, எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். ஆவணியில் வந்து பார்க்கிற ஒருவருக்கு அது மாடு மேய்கிற வெறுந்தரை போலத்தான் தெரியும். மார்கழியில் அதே இடத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்க வேண்டும். காய்ந்து கிடக்கிற எட்டு மாதத்திலும் அது குளம்தான். குளக்கட்டிலேயே மருது, நாவல், இலுப்பை நட்டு, இருக்க நாலு வாங்கு போட்டால் அதைவிட நல்ல பூங்கா எங்கே கிடைக்கும்? வைரவபுளியங்குளக் கட்டில் பின்னேரம் நடந்து பார், நான் சொல்வது விளங்கும்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயலுக்குப் பாய்கிற குளங்கள் கமநலத் திணைக்களத்தின் பொறுப்பில் வரும். 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தில் குளத்தை நிரப்புவதற்கு எதிரான ஏற்பாடுகளும் இருக்கின்றன. என்ன குறை என்றால், கீழே இருந்த வயல்கள் வீடாகிவிட்டால் அந்தக் குளத்துக்குக் கமக்காரர் இல்லை. முன்பு வாய்க்காலில் ஒரு கூடை மண் விழுந்தாலும் மண்வெட்டியோடு வந்து நிற்க ஆள் இருந்தது. இப்போது துருசு துருப்பிடித்து இறுகிவிட்டாலும் யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் வயல் போனாலும் கிணறு இருக்கிறதே! எங்கள் கிணற்றில் உள்வளையத்தை எண்ணித்தான் அம்மா குளத்தின் நிலவரம் சொல்வா. குளத்தில் தண்ணீர் நின்றால் எட்டாம் வளையத்தில் தண்ணீர் மின்னும். போன வருடக் கோடையில் பதினான்காம் வளையம் வெளியே தெரிந்தது.

கட்டடங்களைப் பற்றி எழுத மனம் கனக்கிறது. 1905 இல் வடக்கு ரயில் பாதை காங்கேசன்துறை வரை போனது. 1990 இல் போரால் வடக்கே ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குள் போயின. உன் அப்பா ஸ்டேசன் மாஸ்டராக இருந்த மாங்குளமும் அப்படித்தான் போனது. 2013 இல் கிளிநொச்சிக்கும் அடுத்த வருடம் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்ப வந்தபோது சந்தோசத்தில் அழுதேன். புது நிலையங்கள் துப்புரவாக இருக்கின்றன. ஆனாலும் மாங்குளத்தில் ரயில் நிற்கும்போது, நாங்கள் புளியங்கொட்டை எண்ணி விளையாடின அந்தச் சீமெந்து விறாந்தையைக் கண் தேடத்தான் செய்கிறது. கிளிநொச்சியில் போரில் விழுத்தப்பட்ட நீர்த்தாங்கி பல வருடம் ரோட்டோரம் கிடந்தது, பஸ்ஸில் போகிறவர்கள் இறங்கி நின்று படமெடுத்தார்கள். விழுந்ததைக் காட்ட அது இருந்தது. முன்பு நின்றவற்றைக் காட்டத்தான் ஒன்றும் இல்லை. தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2 க்கு முற்பட்டவற்றைத்தான் தானாகப் பார்க்கும், பிந்தியவற்றைத் தனியாக அறிவித்தால்தான் பாதுகாப்பு. ரயில் நிலையத்துக்கும் மாவட்ட அரச அலுவலகமாக இருந்த பழைய கச்சேரிக் கட்டடத்துக்கும் யார் போய்க் கேட்பது?

அதனால் நான் கேட்கிறதாக முடிவு செய்துவிட்டேன். முதலில் வாய்க்கால். ஒழுங்கையில் பதினொரு வீட்டுக்காரர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். எதிர்வீட்டுத் தம்பி, மதில் மூலையை ஆறடி உள்ளே எடுக்கச் சம்மதம் என்று தானாகவே வந்து சொன்னான். அவன் வீட்டுக்குள்ளும் அன்று முழங்கால் தண்ணீர். கடைத்தொகுதிக்குக் கீழால் ஒரு மதகு வைத்தால் பழைய வழி திறந்துவிடும். பழைய படத்தின் பிரதிக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன், கிடைத்ததும் எல்லாவற்றையும் சேர்த்துப் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோவோம்.

உன்னிடம் எனக்கு ஒரு உதவி வேண்டும். உன் அப்பா வெள்ளை உடுப்போடு மாங்குளம் நிலையத்து வாசலில் நிற்கிற படம் உன்னிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவருக்குப் பின்னால் கூரைத் தாங்கியும் சீட்டுக் கொடுக்கிற யன்னலும் தெரியும். இங்கே யாரிடமும் அப்படி ஒரு படம் இல்லை, எங்கள் படங்களெல்லாம் இடம்பெயர்வுகளில் போய்விட்டன. அதைப் பெரிதாக ஸ்கேன் பண்ணி அனுப்பு. பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் சேர்த்து அனுப்பு.

சனிக்கிழமை விடிய ஆறு மணிக்குக் குளக்கட்டில் மருதங்கன்று வைக்கிறோம், முப்பது கன்று வருகிறது. உன் பெயருக்கும் ஒன்று வைக்கிறேன். ஆடு கடிக்காமல் கூடு கட்டிவிட்டுப் படம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
கமலா