செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

சின்ன அளவில் விமானம், பஸ் மாடல் கட்டும் நம் வேலூர்ச் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதை வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அவர்கள் கடைசிப் பத்திவரை படிக்க வேண்டும்.

இந்த ஆண்டு ஒன்பது கூட்டங்கள். அதில் மூன்று, ஆள் சேராததால் டீயோடு முடிந்தன. ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டை அருங்காட்சியகம் போய் வந்தோம். காட்பாடியில் ஒரு பள்ளியில் கண்காட்சி வைத்தோம்; டிராக்டர் மாடலின் சைலன்சர் உடைந்தது, பிள்ளைகள்மேல் தப்பில்லை.

இனி டெக்கால் விஷயம், அதாவது தண்ணீரில் நனைத்து மாடல்மேல் ஒட்டும் மெல்லிய அச்சுப் படம். இதைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேசுவதால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

2025 செப்டம்பரில் மிக்-21 நம் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றது. 1963 முதல் பறந்த விமானம். உடனே நம்மில் பாதிப் பேர் 1/72 அளவில் மிக்-21 கட்ட உட்கார்ந்துவிட்டோம். பிளாஸ்டிக்கில் குறையில்லை. ஒரு பெட்டியில் வந்த டெக்காலில்தான் விமானப்படை வட்ட முத்திரையின் நடுக் காவி தக்காளி நிறத்தில் இருந்தது. வெள்ளை வளையம் ஒரு பக்கமாக ஒதுங்கி, காவியும் பச்சையும் ஒட்டிக்கொண்டிருந்தன. அச்சில் ரிஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் இடம், விலகினால் இப்படித்தான் வரும். சரி, நாமே அடிப்போம் என்று தீர்மானம் போட்டோம். வட்ட முத்திரை, வால் கொடி, கூடவே பழைய டவுன் பஸ் போர்டுகள் 1/76 அளவில். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்துகள் இருக்கின்றன, சந்தேகம் உள்ளவர்கள் பார்க்கலாம்.

சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. வெள்ளையும் அடிக்கக்கூடிய ஆல்ப்ஸ் பிரிண்டர்கள் இப்போது தயாரிப்பில் இல்லை. அடியில் நிறமில்லாத கண்ணாடி போன்ற டெக்கால் தாளில் காவியை அடித்துக் கரும்பச்சை இறக்கையில் ஒட்டினால் சேறுதான் தெரியும். அதனால் முத்திரைக்கும் போர்டுக்கும் வெள்ளைத் தாள், வால் எண்களுக்குக் கண்ணாடித் தாள் என்று பிரித்தேன். வெள்ளைத் தாளில் அடித்ததை ஓரம் ஒட்டி வெட்ட வேண்டும். ஓரத்தில் தெரியும் வெள்ளைக் கோட்டைப் பெயிண்டால் தொட்டுவிட்டால் போதும்.

டெக்கால் தாளிலும் இங்க்ஜெட்டுக்கு ஒன்று, லேசருக்கு ஒன்று என்று இரண்டு வகை உண்டு. இங்க்ஜெட்டில் அடித்தால் மேலே வார்னிஷ் அடித்துக் காயவிட்டுத்தான் தண்ணீரில் போட வேண்டும், இல்லையென்றால் மை கரைந்தோடும். லேசரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இங்க்ஜெட் தாளை லேசர் மெஷினில் விட்டால் அதன் பூச்சு சூட்டில் உருகி ரோலரில் சுற்றிக்கொள்ளும். இதை நான் ஜெராக்ஸ் கடையில் வைத்துக் கற்றுக்கொண்டேன். உறை மாறியது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ரோலருக்குக் கொடுத்த பணம் கணக்கில் ‘இதர செலவு’ என்று இருக்கிறது.

அப்புறம் புள்ளி. பதினைந்து சென்டிமீட்டர் உயர எழுத்து 1/76-ல் இரண்டு மில்லிமீட்டர் ஆகிறது. அதன் தலையில் இருக்கும் புள்ளி கால் மில்லிமீட்டர்கூட வராது. முதல் தாளில் வேலூர் ‘வேலூர’ ஆனது, காட்பாடி ‘காடபாடி’ ஆனது, பாகாயம் ‘பாகாயம’ ஆனது. நான்கு இரவு உட்கார்ந்து எல்லா எழுத்தையும் திரும்ப வரைந்து புள்ளியைக் கொஞ்சம் பெருக்கினேன். “புள்ளி ஸ்கேலுக்குப் பொருந்தவில்லை” என்றார் ஒரு மூத்த உறுப்பினர். உண்மைதான். ஆனால் பஸ் காட்பாடிக்குப் போக வேண்டுமே.

நாம் அடித்த தாளை வாங்கிய சிலர் டெக்கால் மட்டம் என்கிறார்கள். ஒட்டிய இடத்தில் வெள்ளி போல மினுங்குகிறதாம். பளபளப்பில்லாத மேட் பெயிண்டின் மேல் நேராக ஒட்டினால் எந்த நாட்டு டெக்காலும் மினுங்கும். மேட் பரப்பு பொடிப்பொடியான மேடுபள்ளம். பள்ளத்தில் காற்று தங்கி வெளிச்சத்தில் மின்னுகிறது. முதலில் பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ், பிறகு டெக்கால், எல்லாம் காய்ந்தபின் மேட் வார்னிஷ். இதைச் செய்து காட்டத்தான் ஜனவரியில் பயிற்சி வைத்தேன். வந்தவர்கள் நான்கு பேர்.

வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போதும். நம் ஊர் போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்புக் கறை நிற்கும். கேன் தண்ணீர் எடுங்கள். வேலை முடியும்வரை ஃபேனை நிறுத்துங்கள். மே மாதத்தில் இது கொடுமைதான், ஆனால் இடம் பார்த்து நகர்த்துவதற்குள் டெக்கால் காய்ந்து சுருளும். டெக்காலை இளக்கிப் படியவைக்கும் மைக்ரோ சால் திரவத்தைத் தடவியதும் சுருக்கம் விழும். அப்போது பதறி விரலை வைக்காதீர்கள், காயக் காயத் தானே படியும். மஞ்சளித்த பழைய டெக்காலை பிளாஸ்டிக் உறையில் போட்டு வெயில் படும் ஜன்னலில் ஒட்டி வைத்தால் மஞ்சள் வெளுக்கும். வேலூர் வெயிலால் இந்த ஒரு லாபமாவது இருக்கட்டும்.

வரவு செலவு: சந்தா, நன்கொடை, தாள் விற்பனை வரவு, தாள், வார்னிஷ், டீ, இதரம் செலவு. கையிருப்பு சொற்பம். பொருளாளர் விவரம் வைத்திருக்கிறார், ஊரிலிருந்து திரும்பியதும் காட்டுவார். தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைச் சொல்வார்கள். ஜலகண்டேஸ்வரர் 1981-ல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். சந்தா இல்லாத சங்கம் என்ற சொல்தான் பாக்கி. தாள் வாங்கிப் பணம் தராத பதினான்கு பேரின் பெயரை நாகரிகம் கருதி வாசிக்கவில்லை.

மாடி அறையைத் தந்த தலைவர் குடும்பத்தாருக்கும், கண்காட்சிக்கு மேசை தந்த பள்ளிக்கும், இன்னும் முகம் சுளிக்காத ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் நன்றி.

வரும் ஆண்டு ஸ்கிரீன் பிரிண்டிங்கில் வெள்ளையை அடியில் கொடுத்து அடிக்கலாம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன். பத்துத் தாள் அடித்தாலும் நூறு அடித்தாலும் ஸ்கிரீன் செலவு ஒன்றுதான். ஆகவே முன்பணம் தந்தவர்களுக்கு மட்டும். வேறு யாராவது செயலாளராக வர விரும்பினாலும் எனக்கு வருத்தமில்லை. மினிட்ஸ் புத்தகம், அலமாரிச் சாவி, விற்காத பதினொரு தாள், பாதி மைக்ரோ சால் எல்லாம் இந்தப் பையில் தயாராக இருக்கின்றன.

கூட்டம் முடிந்ததும் வாசலில் உட்கார்ந்திருப்பேன். சில்லறை கொண்டுவந்திருக்கிறேன்.