இரண்டு தேதிகளைப் பார்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க நீயும் மாப்பிள்ளையும் காத்திருந்து நொந்துபோயிருப்பது வரிக்கு வரி தெரிகிறது. "ஒரு குழந்தைக்கு வீடு கொடுக்க முன்வருகிறவர்களை அரசாங்கம் ஏன் இப்படித் துருவித் துருவி விசாரிக்கிறது?" என்று கேட்டிருக்கிறாய். கூடவே, அந்த நாட்டில் ஒரு தரகர் இருக்கிறார், குழந்தையின் தாயிடம் நேரில் பேசி விரைவில் முடித்துக் கொடுப்பாராம் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

பிறப்புப் பதிவேடுகளோடு காலத்தைக் கழித்தவன் நான். அதனால் சொல்கிறேன். ஒரு குழந்தையின் கோப்பு உன் கைக்கு வந்தால், புகைப்படத்தைப் பார்க்கும் முன்பே இரண்டு தேதிகளைப் பார்: குழந்தை பிறந்த தேதி, தாய் ஒப்புதல் தந்து கையெழுத்திட்ட தேதி. கையெழுத்து முந்தியிருந்தால் கோப்பை மூடிவிடு. நாடுகளுக்கிடையே தத்தெடுப்பது பற்றிய 1993-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை, தாயின் ஒப்புதல் தேவைப்படும் இடங்களில் அது குழந்தை பிறந்த பிறகே பெறப்பட வேண்டும் என்று 4-ஆம் பிரிவிலேயே சொல்கிறது. பணம் கொடுத்து அந்த ஒப்புதலை வாங்கியிருக்கவும் கூடாது. பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு, அடுத்த வேளைக்கு வழி தெரியாமல் நிற்கிறவளிடம் கையெழுத்து வாங்குவது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பார்.

அந்தத் தரகர் செய்து தருவதாகச் சொல்லும் வேலையை 29-ஆம் பிரிவு தடுக்கிறது. உறவுக்குள் தத்தெடுப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. மற்றபடி, ஒப்புதல் உள்ளிட்ட அடிப்படை நிபந்தனைகள் நிறைவேறும் வரை தத்தெடுப்பவர்கள் குழந்தையின் பெற்றோரைத் தொடர்பு கொள்ளக் கூடாது. ஏக்கமும் பணமுமாக நீ எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அந்தத் தாயால் "மாட்டேன்" என்று சொல்ல முடியுமா? அவள் மனம் மாறுவதற்கும் இடம் இருக்க வேண்டாமா?

உங்களைச் சந்தேகிக்கிறார்கள் என்று வருத்தப்படுகிறாய். சந்தேகிக்கத்தான் வேண்டும் அம்மா. 2010-இல் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு, உரிய ஆவணங்கள் இல்லாமல் 33 குழந்தைகளை எல்லை தாண்டி அழைத்துச் செல்ல முயன்ற ஒரு குழு பிடிபட்டது. அனாதைகள் என்று சொல்லப்பட்ட அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். தென் கொரியாவில் நடந்தது இன்னும் பெரிது. பெற்றோர் இருந்த குழந்தைகளையும் அனாதைகள் என்று பதிவு செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். அந்த நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமே 2025 மார்ச்சில் இதை அரசின் பொறுப்பு என்று அறிவித்தது. அப்படிப் போனவர்கள் இன்று நடுத்தர வயதில் தாயைத் தேடுகிறார்கள். பதிவேட்டில் இருப்பதோ பொய்ப் பெயர். அவர்களை வளர்த்தவர்களில் எத்தனையோ பேர் உங்களைப் போலவே நல்லவர்கள்.

இதற்காக ஒவ்வொரு தாமதத்தையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். சொந்த நாட்டிலேயே ஒரு குடும்பம் கிடைக்குமா என்று முதலில் தேடுவதற்கு ஆகும் காலம் நியாயமானது. கோப்பு யார் மேசையிலோ கேட்பாரற்றுக் கிடப்பது அநியாயம். காப்பகத்தில் கழியும் ஒவ்வொரு மாதமும் அந்தக் குழந்தைக்கு இழப்புதான். ஆகவே எழுத்தில் கேள், பதில் வராவிட்டால் மேலிடத்துக்கு எழுது. தத்தெடுப்பைக் கவனிக்க இரு நாடுகளும் நியமித்திருக்கும் மைய அதிகார அமைப்புகளைத் தவிர்த்துவிட்டுக் குறுக்கு வழியில் மட்டும் போகாதே.

குடியுரிமையை இப்போதே விசாரித்துவிடு. அமெரிக்காவில் தத்துப் பிள்ளைகளுக்குத் தானாகவே குடியுரிமை கொடுத்த 2000-ஆம் ஆண்டுச் சட்டம், அது நடைமுறைக்கு வந்தபோது 18 வயதைக் கடந்திருந்தவர்களை விட்டுவிட்டது. அங்கேயே வளர்ந்த சிலர், பிற்பாடு மொழிகூடத் தெரியாத பிறந்த நாட்டுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். வளர்த்தவர்கள் உரிய காலத்தில் ஒரு விண்ணப்பம் போட்டிருந்தால் அந்த நிலை வந்திருக்காது.

தத்து முடிந்ததும், உடன்படிக்கையின்படிதான் நடந்தது என்று 23-ஆம் பிரிவின் கீழ் தரும் சான்றிதழைக் கேட்டு வாங்கு. குழந்தையின் பூர்வீகத் தகவல்கள் எங்கே பாதுகாக்கப்படுகின்றன என்றும் கேட்டுக் குறித்து வை. ஒருநாள் பிள்ளை உன்னிடம்தான் கேட்கும்.

மாப்பிள்ளையிடமும் இதைப் படிக்கக் கொடு. தரகருக்கு இதுவரை பணம் எதுவும் போகவில்லை என்று இருவரில் ஒருவர் எனக்கு உடனே எழுதுங்கள். உங்கள் குடும்பத்தை விசாரித்து எழுதிய குடும்ப ஆய்வு அறிக்கையின் நகலையும் அனுப்பு, தேதிகளை நான் ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா